நான்கு ஏக்கர் புல்தரை

கதைகளின் நிலம் – பகுதி 11

சென்ற வாரம் நைரோபியின் தேசிய நாடக அரங்குக்கு வெளியே நின்றிருந்தோம். 1976 அக்டோபர். கூகி வா தியாங்கோவும் மிசெரே கிதே முகோவும் சேர்ந்து எழுதிய ‘தேதான் கிமாத்தியின் விசாரணை’ நாடகம் முடிந்துவிட்டது. ஆட்டம் மட்டும் முடியவில்லை. நடிகர்கள் பாடிக்கொண்டே மேடையை விட்டு இறங்க, பார்வையாளர்களும் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். பாட்டும் ஆட்டமுமாகக் கூட்டம் தெருவை நோக்கி நகர்ந்தது.

எதிரே நார்ஃபோக் ஹோட்டல். 1922இல், கைதாகியிருந்த அரசியல் தலைவர் ஹாரி துக்குவை விடுதலை செய்யக் கேட்டு நின்ற கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டபோது, அந்த ஹோட்டலின் தாழ்வாரத்திலிருந்த வெள்ளைக்காரர்களும் துப்பாக்கி தூக்கினார்கள் என்பதை நைரோபி மறந்திருக்கவில்லை. ஆட்டம் ஹோட்டல் பக்கம் திரும்பியபோது போலீஸ் குறுக்கே வந்து நின்றது.

1952இல் காலனிய ஆட்சியில் கட்டித் திறந்த அரங்கு அது. கொடி மாறி 13 ஆண்டுகளாகியும், எந்தக் குழுவுக்கு எத்தனை நாள் என்று தீர்மானிக்கும் இடத்தில் ஐரோப்பியர்களின் கை ஓங்கியிருந்தது. மௌ மௌ கிளர்ச்சித் தலைவர் கிமாத்தியின் கதைக்கு அங்கே சில இரவுகளைக் கேட்டு வாங்கவே போராட வேண்டியிருந்தது.

தன் நாட்டில் தன் கதையைச் சொல்ல ஓர் எழுத்தாளனுக்கு இடம் எங்கே? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு விட்டோம். பதில் வந்துகொண்டுதான் இருந்தது. தலைநகரத்திலிருந்து அல்ல. லிமுருவில் கூகியின் வீட்டு வாசலுக்கு, நடந்தே.

* * *

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

1976இல் ஒருநாள் காலை, பக்கத்திலிருந்த கமிரீத்து கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் நிறையப் படித்தவர், புத்தகங்கள் எழுதுகிறவர் என்று கேள்விப்படுகிறோம். அந்தப் படிப்பில் கொஞ்சத்தை ஊருக்கும் தரலாமே என்பது அவர் கேட்டதன் சாரம். முழுவதும் வேண்டாம், கொஞ்சம் போதும் என்றார்.

கூகி அப்போது நைரோபிப் பல்கலைக்கழகத்தின் இலக்கியத் துறைத் தலைவர். லிமுருவில் குடியிருந்தாரே தவிர, ஞாயிறு போக அவருடைய பகல்கள் எல்லாம் நைரோபியில். என்ன பதில் சொல்லி அனுப்பினாரோ, அந்தப் பெண் அதை முடிந்த பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார்.

கூகி இந்தச் சந்திப்பைப் பிற்பாடு பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். உலகம் சுற்றிய ஒரு நாவலாசிரியரை அவருடைய ஊருக்கே வெளியூர்க்காரர் என்று உணரவைக்க, மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதுமானதாக இருந்தன.

கடைசியில் அவர் போனார். போன இடம் அவருக்குப் புதிதல்ல. எப்படி அந்த ஊருக்குள் முதன்முதலில் நுழைந்தார் என்பதைப் பார்க்காமல் மேலே போக முடியாது.

* * *

வீடு இருந்த இடம்

21 ஆண்டுகள் பின்னே போவோம். 1955 ஏப்ரல்.

அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் முதல் பருவம் முடிந்து, விடுதி மாணவன் ஒருவன் ஊர் திரும்புகிறான். பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயர் ஜேம்ஸ் கூகி. வயது 17. கென்யாவின் கறுப்பின மாணவர்களில் பொறுக்கியெடுத்த சிலருக்கே கிடைக்கும் பள்ளி அது. அம்மாவிடம் சொல்ல ஆயிரம் கதை வைத்திருக்கிறான். மேட்டில் ஏறி வீட்டுப் பக்கம் பார்க்கிறான்.

வீடு இல்லை.

அவன் வீடு மட்டுமல்ல, அக்கம்பக்கத்து வீடு ஒன்றுகூட இல்லை. இடிந்த மண், சிதறிய மரத்துண்டுகள், புல். கண்ணில் பட்டவர்கள் சொன்னார்கள்: எல்லாரையும் கமிரீத்துவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மௌ மௌ கிளர்ச்சியை ஒடுக்க 1952 அக்டோபர் 20 அன்று அவசரநிலை வந்தது. காட்டிலிருந்த போராளிகளுக்குச் சோறும் செய்தியும் ஊர்களிலிருந்தே போய்க்கொண்டிருந்தன. ஊரையே பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டால் அந்தத் தொப்புள்கொடி அறுந்துவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். 1954இன் நடுவிலிருந்து, ஒன்றரை ஆண்டுக்குள் சுமார் பத்து லட்சம் கிக்குயு மக்கள் 800க்கும் மேற்பட்ட புதுக் கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள்.

கிராமம் என்பது கோப்பில் எழுதிய பெயர். நெருக்கியடித்த குடிசைகள், சுற்றிலும் அகழி, காவல் சாவடி, ஊரடங்கு. அகழியை வெட்டியதும் அந்த மக்கள்தான், கூலியில்லாமல்.

அதற்கு முன்னும் கிக்குயு மக்களுக்கு வீடு இருந்தது; ‘தெரு’ இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் மேட்டில், தன் வேலிக்குள், தாத்தாவின் பெயரைச் சொன்னால் அடையாளம் தெரிகிற நிலத்தில் இருந்தது. ஒருவன் யார் என்று கேட்பதும் எந்த மேட்டுக்காரன் என்று கேட்பதும் ஏறக்குறைய ஒன்று. மேடு போனபோது அந்த விடையும் போயிற்று.

மாணவனின் அண்ணன் அப்போது காட்டில், போராளிகளோடு. அதற்காக அம்மாவைப் பிடித்துப்போய் மாதக்கணக்கில் வதைத்திருந்தார்கள். மாற்றாந்தாயின் மகன் ஒருவனுக்குக் காது கேட்காது. ‘நில்’ என்று சிப்பாய் போட்ட சத்தம் அவனை எட்டவில்லை. சுட்டுவிட்டார்கள்.

பையன் கமிரீத்துவுக்குள் நுழைந்து தன் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். விடுமுறை முடிந்ததும் சீருடை போட்டுக்கொண்டு, ஷேக்ஸ்பியர் நாடகம் போடுகிற பள்ளிக்குத் திரும்பிப் போனான்.

இந்தப் போக்குவரத்துதான் அவருடைய ஆங்கில நாவல்கள் அனைத்தும். ‘அழாதே குழந்தாய்’ நாவலில் (1964) ஒரு பெருஞ்சாலை வருகிறது. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியக் கைதிகள் போட்ட சாலை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஊராருக்குத் தெரியாது. ‘ஒரு கோதுமை மணி’யில் (1967) தபாய் என்ற ஊர், பழைய தபாயை எரித்த சாம்பலிலிருந்து எழுந்த புது ஊர். அகழி வெட்டும் காட்சி கதையில் முக்கியமான ஒன்று. கதாபாத்திரங்களுக்கு முன்பே நிலம் வந்து உட்கார்ந்துவிடும் எழுத்து அது.

ஆனால் அந்த நாவல்களைக் கமிரீத்துவில் யாரும் படிக்க முடியாது. அவை எந்த ஊரைப் பற்றியவையோ அந்த ஊர் மட்டும் அவற்றுக்கு வெளியே நின்றது.

* * *

எந்த மொழியில்?

1976இல் கூகி திரும்பி வந்தபோது கமிரீத்துவில் சுமார் பத்தாயிரம் பேர் இருந்தார்கள். அவசரநிலை போய்விட்டது, ஊர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. போக நிலம் இருந்தவர்கள் போயிருந்தார்கள். மிஞ்சியவர்களில் பலர் லிமுருவின் பாட்டா காலணித் தொழிற்சாலையில் கூலிகள், அல்லது பச்சைப் பசேலென்று கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள். வேலையில்லாத இளைஞர்கள் ஏராளம்.

ஊருக்கென்று ஒரு மையம் இருந்தது. பெயர்தான் பெரிது: கமிரீத்து சமுதாயக் கல்வி, பண்பாட்டு மையம். அதற்கென்று ஒதுக்கிய நான்கு ஏக்கரில், எப்போது விழலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த நான்கு அறை மண்சுவர்க் கட்டடம் ஒன்று. மீதியெல்லாம் புல்.

அங்கே இன்னொரு கூகியும் வந்து சேர்ந்தார். கூகி வா மிரி, முதியோர் கல்வியில் தேர்ந்தவர், பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். (‘வா’ என்றால் இன்னாருடைய என்று பொருள். தியாங்கோவின் கூகி, மிரியின் கூகி என்று பிரித்து வைத்துக்கொண்டால் இனிக் குழப்பம் வராது.) முதலில் எழுத்தறிவு வகுப்பு. அடுத்து, ஒரு நாடகம் போடலாம் என்று மையத்தின் குழு முடிவெடுத்தது. 1976 டிசம்பரில் இரு கூகிகளிடமும் வரைவு எழுதும் வேலை ஒப்படைக்கப்பட்டது.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

எந்த மொழியில் எழுதுவது?

இந்தக் கேள்வியின் பின்னால் பெரிய சண்டை உண்டு. 1962இல் மகெரெரேயில் கூடிய ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டிலிருந்து ஆப்பிரிக்கப் பேராசிரியர்கள் இதைத்தான் மேசையைத் தட்டித் தட்டி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்க எழுத்து ஐரோப்பிய மொழியில் இருந்தால் அது யாருடைய இலக்கியம்? கூகியும் எழுதியிருந்தார், பேசியிருந்தார். 1968இல் ஆங்கிலத் துறையையே எடுத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வையுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் குறிப்பு கொடுத்த மூவரில் ஒருவர் அவர். அந்தக் குறிப்பும் ஆங்கிலத்தில்தான்.

கமிரீத்துவில் விவாதத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. நடிக்கப் போவது தோட்டக் கூலியும் தொழிற்சாலைக்காரரும். பார்க்கப் போவது அவர்களின் அண்டை வீட்டார். பிறகு எந்த மொழியில் எழுதுவார்கள்? கிக்குயுவில்தான்.

கூகியின் மொழி மாற்றத்தை ஒரு தத்துவ முடிவாக, பெரிய துறவாகப் பேசுவது வழக்கம். அவருடைய கட்டுரைகளும் அப்படி நினைக்க இடம் கொடுக்கின்றன. நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. அந்த நான்கு ஏக்கரில் கால் வைத்தவுடன் முடிவு தானாக எடுக்கப்பட்டுவிட்டது. கொள்கை பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டது. 17 ஆண்டுகள் ஆங்கிலத்தில் எழுதிய கையை இடம்தான் திருப்பிப் போட்டது.

சின்ன வயதில், பள்ளி வளாகத்துக்குள் கிக்குயுவில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்குப் பிரம்படியும் கழுத்தில் அவமானப் பலகையும் கிடைத்த காலத்தைக் கடந்து வந்தவர் அவர். இப்போது அதே மொழியில் வசனம் எழுதிக் கொண்டுவந்து ஊரார் முன்னால் வைத்தார்.

ஊரார் திருத்தினார்கள்.

* * *

தீக்குச்சி அரங்கு

1977 ஏப்ரலில் வரைவு தயார். ஜூன் வரை கூடிக் கூடிப் படித்தார்கள். ஒரு கிழவர் இப்படிப் பேச மாட்டார் என்றார்கள். வயதுக்கேற்ற பழமொழி வேண்டும், இன்னாரை இன்னார் இப்படி விளிக்கக் கூடாது என்றார்கள். மௌ மௌ உறுதிமொழிச் சடங்கு மேடையில் வந்தபோது, அதை உண்மையில் எடுத்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். காட்டுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தவர்களும், அதை மறைத்துக் கொண்டுபோன பெண்களும் இருந்தார்கள். எப்படிச் செய்தோம், எப்படிக் கொண்டுபோனோம் என்று அவர்களே செய்து காட்டினார்கள்.

கீதீரோ என்பது கிக்குயுத் திருமணத்தோடு சேர்ந்த பழைய பாட்டு-நாடகச் சடங்கு. அதை அறிந்தவர்கள் எழுத்தறியாத முதியவர்கள். இலக்கியத் துறைத் தலைவர் அவர்களிடம் பாடம் கேட்டார்.

ஒத்திகை எங்கே? வெட்டவெளியில். நகரத்து நாடகக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்ப்பார்கள். முதல் இரவில்தான் திரை விலகும். இங்கே திரையும் இல்லை, கதவும் இல்லை. வார இறுதிகளில் சந்தைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், கருத்து சொன்னார்கள், அடுத்த வாரம் தங்கள் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வந்தார்கள். அரங்கேற்றத்துக்கு முன்பே ஊரில் பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடம்.

இதற்கிடையில் அரங்கமும் எழுந்தது. கட்டடக்கலைஞர் யாரும் இல்லை. ஊர் ஆட்களே முதலில் தீக்குச்சிகளைத் தரையில் அடுக்கி மாதிரி செய்து பார்த்தார்கள். பிறகு நிஜமாகக் கட்டினார்கள்: அரைவட்டமாக உயர்த்திய மேடை, பின்னால் மூங்கில் தட்டி, அதற்குப் பின்னால் நடிகர்கள் உடை மாற்ற மூன்று அறை. எதிரே படிக்கட்டு போல ஏறிக்கொண்டே போகும் நீண்ட மரப்பலகை இருக்கைகள். இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கூரை கிடையாது.

மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே பிரிவு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. நடிகர்கள் கூட்டத்துக்குள் போய் வந்தார்கள். பின்னால் உயரமான யூக்கலிப்டஸ் மரங்கள். ஒரு காட்சியில், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே, சில நடிகர்கள் அந்த மரங்களில் ஏறிக்கொண்டு மேலிருந்து பாடினார்கள்.

எந்த ஊரை அகழி வெட்டி அடைத்தார்களோ அங்கேயே, அடைபட்டவர்களின் கையால், சுவரில்லாத ஓர் இடம் உண்டாயிற்று. ஆப்பிரிக்கப் புனைவில் இடமும் அடையாளமும் என்று இன்று எத்தனையோ ஆய்வுகள் வருகின்றன. அவை தேடுகிற படிமம் ஒன்று, ஒரு சில மாதங்கள், பலகையும் மூங்கிலுமாக நிஜமாகவே நின்றது.

* * *

சுவரில் ஒரு பத்திரம்

1977 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. நாடகம் அரங்கேறியது. பெயர் ‘ங்காஹிகா ந்தேண்டா’. ‘என் இஷ்டப்படி எப்போது வேண்டுமானாலும் கல்யாணம் செய்துகொள்வேன்’ என்று பொருள்.

கதை சிக்கலானதல்ல. கிகூண்டா ஒரு பண்ணைக் கூலி. அவனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. அதன் பத்திரத்தைச் சட்டம் போட்டு, சாமி படம் மாட்டுவதுபோல், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். அவனுடைய முதலாளி கியோய், பெரும் பணக்காரர், பக்திமான். கியோயும் மனைவியும் ஒருநாள் இந்தக் குடிசைக்கு வருகிறார்கள். பெண் கேட்க வந்திருக்கிறார்கள் என்று கிகூண்டாவும் மனைவி வங்கேசியும் நினைத்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் கியோயின் மகன் இவர்கள் மகளோடு சுற்றிக்கொண்டிருக்கிறான். வந்தவர்கள் சொல்வது வேறு: நீங்கள் ஊர் முறைப்படிச் செய்த கல்யாணம் கல்யாணமே அல்ல, பாவத்தில் வாழ்கிறீர்கள், தேவாலயத்தில் முறைப்படி செய்துகொள்ளுங்கள்.

செலவுக்கு? பத்திரத்தை அடமானம் வைத்தால் வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறார் கியோய்.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று கிராமத்தில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வேலை போகிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது, நிலம் ஏலத்துக்கு வருகிறது. அந்த நிலத்தில் வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து பூச்சிமருந்துத் தொழிற்சாலை கட்டுவது முதலிலேயே போட்ட திட்டம்.

நாடகப் பிரதியாக மட்டும் எடுத்துப் படித்தால் இதை மகத்தான படைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவர்கள் ரொம்பக் கெட்டவர்கள். நீளமான பிரசங்கங்கள் உண்டு. ‘ஒரு கோதுமை மணி’ எழுதிய கை இதுதானா என்று சந்தேகம்கூட வரும். ஆனால் அச்சுப் பிரதி என்பது ஊர்வலம் போன பிறகு தெருவில் கிடக்கும் பூ. கூலி எவ்வளவு என்று மேடையில் பேச்சு வரும்போது, அந்த வாரம் அந்தக் கூலியை வாங்கியவரே மேடையில் நின்றார். பத்திரத்தைச் சுவரிலிருந்து இறக்கும் காட்சியில், அப்படி ஒன்றை இறக்கியவர்கள் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் பெருகியது. தூரத்து ஊர்களிலிருந்து பேருந்தும் டாக்சியும் பேசிக்கொண்டு வந்தார்கள். மழை வந்தால் ஒதுங்கினார்கள். நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆறு வாரங்கள் இப்படி.

* * *

தடை செய்தது எதை?

1977 நவம்பர் 16. கியாம்பு மாவட்ட ஆணையரிடமிருந்து உத்தரவு வந்தது. அந்த மையத்தில் ஆட்கள் ‘கூடுவதற்கான’ உரிமம் ரத்து.

உத்தரவின் மொழியைக் கவனியுங்கள். நாடகத்தைத் தடை செய்ததாக எழுதவில்லை. ஒரு வசனத்தையும் வெட்டச் சொல்லவில்லை. கூட்டத்துக்குத்தான் தடை. பொது இடத்தில் நாலு பேர் கூட அதிகாரியின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் காலனிய நாட்களின் சொத்து. சுதந்திர கென்யா அதைப் பத்திரமாக வைத்திருந்தது. வர்க்கப் பகையைத் தூண்டுகிறார்கள் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம்.

இதைவிடப் புதிரான ஒன்று உண்டு.

அதே 1977 ஜூலையில் கூகியின் ‘இரத்த இதழ்கள்’ நாவல் வெளிவந்தது. இல்மொரோக் என்ற பஞ்சம் பிடித்த கிராமம். அதன் வழியே கண்டத்தைக் கடக்கும் பெருஞ்சாலை வருகிறது. ஊர் நகரமாகிறது, வங்கி வருகிறது, மதுத் தொழிற்சாலை வருகிறது, நிலம் வைத்திருந்தவர்கள் சேரிக்குப் போகிறார்கள். நாடகம் சொன்ன அதே கதை. பத்து மடங்கு விரிவாக, பத்து மடங்கு காரமாக. ஆளும் வர்க்கத்தை அதில் அவர் விட்டுவைக்கவில்லை.

அதை யாரும் தடை செய்யவில்லை. வெளியீட்டு விழாவுக்கு நிதியமைச்சர் முவாய் கிபாகியே வந்து கலந்துகொண்டார். கடைகளில் தாராளமாகக் கிடைத்தது.

பக்கம் பக்கமாகக் காரத்தோடு எழுதிய ஆங்கில நாவலுக்கு அமைச்சர் கையால் வெளியீடு. ஒன்றரை ஏக்கர் நிலத்தைப் பற்றிய கிக்குயு நாடகத்துக்கு ஆறே வாரத்தில் பூட்டு. காரணம் மொழி மட்டும்தானா?

மொழி பாதி என்று நினைக்கிறேன். ஆங்கில நாவலை ஒருவர் தன் அறையில், விளக்கடியில், தனியாகப் படிக்கிறார். கோபம் வந்தாலும் அந்த அறைக்குள் வந்து அடங்கிவிடும். புல்தரையில் கோபம் வரும்போது பக்கத்தில் ஆள் இருக்கிறார், அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். 1929-30இல் முத்திரிகு என்ற ஆட்டப்பாட்டு ஊர் ஊராகப் பரவியபோது வெள்ளை அரசு அதைத் தடை செய்தது. 1977இல் கறுப்பு அரசு அந்தப் பழைய பாடத்தை மறக்காமல் ஒப்பித்தது.

கமிரீத்துவில் பலகை இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அரங்கை அப்போது யாரும் இடிக்கவில்லை. அதற்கும் நாள் வரும். அதை அந்த இடத்தில் சொல்வேன்.

* * *

எண் கே6,77

1977 டிசம்பர் 30 நள்ளிரவு.

லிமுருவில் கூகியின் வீட்டு வளாகத்துக்குள் ஆயுதம் தாங்கிய போலீசாரோடு லேண்ட்ரோவர்கள் நுழைந்தன. புத்தக அலமாரிகளைக் குடைந்தார்கள். நாடகப் பிரதிகளை எண்ணி எடுத்துக்கொண்டார்கள். மனைவி நியாம்புராவின் வயிற்றில் குழந்தை. கூகியை வண்டியில் ஏற்றினார்கள்.

டிசம்பர் 31, ஆண்டின் கடைசி நாள். காவல் உத்தரவில் கையெழுத்திட்டிருந்தவர் துணை ஜனாதிபதியும் உள்துறைப் பொறுப்பில் இருந்தவருமான டேனியல் அராப் மோய். குற்றச்சாட்டு இல்லை. வழக்கு இல்லை. எவ்வளவு நாள் என்ற கணக்கும் இல்லை.

கொண்டுபோன இடம் காமிட்டி, உச்சப் பாதுகாப்புச் சிறை. 1957 பிப்ரவரி 18 அன்று தேதான் கிமாத்தியைத் தூக்கிலிட்டு, அடையாளமில்லாத குழியில் புதைத்த அதே வளாகம். கிமாத்தியின் விசாரணையை எழுதியவரை, கிமாத்தியின் கதை முடிந்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

அறை எண் 16. கைதி எண் கே6,77. பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 1955இல் மேடு போனது. இப்போது பெயரும் போயிற்று. இரவெல்லாம் விளக்கு எரிந்தது.

ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை, ஒவ்வொரு வரியையும் ஊரார் காதில் போட்டுத் திருத்தி எழுதிப் பழகிவிட்டவர் அவர். எழுதுவதென்றால் இனிமேல் கிக்குயுவில்தான் என்று மனத்தில் உறுதியாகிவிட்டது, நாடகமல்ல, நாவல். அந்த மொழியில் நவீன நாவல் எழுதியவர் முன்னால் யாருமில்லை. நிதானமாக உட்கார்ந்து உருவாக்கவேண்டிய வேலை. ஆனால் இங்கே திருத்தச் சொல்லக் கிழவர் இல்லை, பழமொழி எடுத்துக்கொடுக்கக் கிழவி இல்லை, மரத்தில் ஏறிப் பாட ஆள் இல்லை. நான்கு ஏக்கர் நான்கு சுவராகச் சுருங்கிவிட்டது.

சிறையில் காகிதமும் பேனாவும் கொடுப்பார்கள். ஒரே ஒரு காரணத்துக்கு: செய்த தவறை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் எழுத.

கூகி பேனாவை வாங்கிக்கொண்டார். வாக்குமூலம் எழுதும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒரு பெண்ணின் கதை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது; நைரோபியில் வேலை போய், குடியிருந்த அறையும் போய், ஊருக்குத் திரும்பப் பேருந்து நிறுத்தம் தேடும் பெண். அவளுக்குப் பெயர் வைத்தாயிற்று: வரீங்கா. தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் அவளை நம்மில் சிலர் சந்தித்திருக்கிறோம்.

பேனா கையில் இருக்கிறது. கதை இருக்கிறது. மொழி இருக்கிறது. ஆனால் கணக்கு வைத்துக் கொடுத்து, கணக்கு பார்த்துத் திரும்ப வாங்கப்போகும் சிறைக் காகிதத்தில் ஒரு வரிகூட எழுத முடியாது.

அப்படியானால், காவலர்கள் நாளெல்லாம் வந்து எட்டிப் பார்த்துப் போகும் அந்த அறைக்குள், யார் கண்ணிலும் உறுத்தாமல் ஒரு முழு நாவலை எழுதுவதற்கு அவருக்கு என்ன கிடைத்தது?

(தொடரும்)